ஷெட்டுக்காரம்மா

ஜீப்பின் பின் கதவில் ஒரு மேசை இருந்தால் நன்றாக இருக்கும் என்ற எண்ணம் எனக்குப் பசியில் வந்தது. என் அப்பா, நைனா, இறந்தபோது விட்டுப்போன பழைய ஜீப்பில் நானும் அம்சவேணியும் சிங்கிரிகோனா மலைக்குப் போயிருந்தோம். கல்லும் குழியுமான பாதை. மேலே போய்ச் சேர்ந்த பிறகு சோற்றுத் தூக்கை வைக்க ஒரு தட்டையான இடம் கிடைக்கவில்லை. பானெட்டில் வைத்தால் சுட்டது. தரையில் வைத்தால் எறும்பு. கடைசியில் அவள் தூக்கைப் பிடித்துக்கொள்ள நான் தின்றேன். பிறகு நான் பிடித்துக்கொள்ள அவள் தின்றாள்.

"பந்தியில எடம் கிடைக்காதவங்க மாதிரி நின்னுகினு துன்றோம் பாரு யக்கா," என்றாள் அம்சவேணி.

நான் அப்போது திறந்திருந்த பின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கவாட்டில் திறக்கும் கதவு. உட்புறம் வெறும் குழிவாக, ஒரு வேலையும் இல்லாமல் கிடந்தது. அந்தக் குழிவுக்குள் ஒரு பலகை மடிந்து நின்றால்? வேண்டும்போது கீழே சாய்த்து, இரண்டு பக்கமும் பட்டை கொடுத்து இழுத்துப் பிடித்தால்?

"பட்ட நான் தெச்சிக் குடுக்கறேன்," என்றாள், நான் சொல்லி முடிப்பதற்குள்.

அம்சவேணி சீட் கவரும் தார்ப்பாயும் தைப்பவள். புத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தாள். அவள் வீட்டில் பெரிய மெஷின் போட இடமில்லை என்று என் ஷெட்டில் ஒரு மூலையில் போட்டிருந்தாள். நான் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடித்துவிட்டு சித்தூரில் லாரிக்கு பாடி கட்டும் ஒரு பட்டறையில் படம் வரைந்துகொண்டிருந்தேன். நைனா போன பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். புத்தூரிலிருந்து நாராயணவனம் போகும் சாலையில் இருக்கும் அந்த ஷெட் நைனா கட்டியது. நானும் என் அண்ணன் கோவர்த்தனனும் அதற்குப் பாத்தியப்பட்டவர்கள்.

அண்ணன் மாங்காய் வியாபாரி. சுற்றுப்பக்கத்துத் தோப்புகளில் வாங்கி சித்தூரில் கூழ் எடுக்கும் ஃபேக்டரிகளுக்கு அனுப்புவான். நான் மேசை வேலையில் இறங்கியதும் ஒரு நாள் ஷெட் வாசலில் பைக்கை நிறுத்தி, இறங்காமலேயே பேசினான்.

"இங்க பாரு பிரமிளா, நான் ஒண்ணும் உன்ன தொரத்தல. போன வருசம் மழையில என் மாங்கா அத்தனையும் ரோட்ல நனஞ்சிட்ச்சி. கூர இருக்கற எடம் இது ஒண்ணுதான். தோத்தாபுரி மாங்கா எறங்கறதுக்குள்ள உனக்கு உருப்படியா ஒரு ஆர்டர் வந்துட்ச்சின்னா ஷெட்டு உனக்கே. வரலன்னா எனக்கு. சரிதானே?"

"சரி."

"அப்பறம் அழக்கூடாது."

"நான் எப்ப அழுதேன்?"

"அதுவும் சரிதான். நீ டேப்ப எடுத்து கண்ணீர அளந்துகினு இருப்ப."

அம்சவேணி மெஷினுக்குப் பின்னாலிருந்து சிரித்தாள். அவள் சிரித்ததில் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஷெட் போய்விட்டால் அவளுக்கும் இடம் இல்லை என்பதால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கயிற்றில்தான் தொங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலையை முறைப்படி தொடங்கினோம். முதலில் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அட்டையில் ஒரு மேசை செய்தோம். கதவுக்குள் உட்காருகிறதா, மடிக்கும்போது கைப்பிடியில் இடிக்கிறதா என்று பார்க்க அது போதும். பிறகு பிளைவுட். அது உட்கார்ந்தது, ஆனால் கனம். கதவு கீலில் தொங்க ஆரம்பித்தது. போதாததற்கு, மலைப்பாதையில் முன் சக்கரத்தை ஒரு கல்லின்மேல் ஏற்றி நிறுத்திச் சோதித்தபோது, மேலே வைத்த டீ கிளாஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிக் கீழே போயின.

"நாலும் தற்கொல பண்ணிக்கிச்சி யக்கா," என்றாள்.

மூன்றாவது அலுமினியத் தகட்டில். அதற்கு முன் சித்தூர்ப் பட்டறையின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். அங்கே அளந்தவர் வெட்டக் கூடாது. ஒருவர் டேப்பைப் பிடித்து எண்ணைச் சொல்லுவார். இன்னொருவர் கோடு போட்டு வெட்டுவார். தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அந்த ஏற்பாடு. நானும் அதையே வைத்துக்கொண்டேன். அம்சவேணி கதவுக்குள் தலையை விட்டு அளந்து எண்களைச் சொன்னாள். நான் தகட்டில் கோடு போட்டுக் கத்தரித்தேன். அன்று முழுக்கக் கத்தரித்து, கட்டை விரலில் தோல் உரிந்தது.

பொருத்திப் பார்த்தால் கதவு மூடவில்லை. நான்கு பக்கமும் அரை அங்குலம் அதிகம்.

"நீ சரியாதான் படிச்சியா?"

"படிச்சேனே. தையலுக்கு விட்டுத்தான் சொன்னேன்."

"எந்தத் தையலுக்கு?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். துணியை அளக்கும் எவரும் ஓரம் மடித்துத் தைப்பதற்கு அரை அங்குலம் விட்டுத்தான் சொல்வார்கள். அவள் பன்னிரண்டு வயதிலிருந்து அப்படியே சொல்லிப் பழகியவள். அலுமினியத்துக்கும் தையல் விட்டுவிட்டாள்.

சிரித்து முடித்த பிறகு தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புதுத் தகடு. அதைக் குப்பையில் போட மனமில்லை. நான்கு மூலையிலும் சின்னச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த அரை அங்குலத்தை மரச் சுத்தியால் தட்டி மேல்நோக்கி மடித்தேன். ஒரு தாம்பாளம் போல விளிம்பு எழுந்தது. மடித்து மூடும்போது அந்த விளிம்பு கதவின் குழிவுக்குள் போய் உட்கார்ந்தது. கதவு மூடியது. மலைப்பாதையில் அதே கல்லின்மேல் சக்கரத்தை ஏற்றி நிறுத்தினோம். டீ கிளாஸ்கள் விளிம்பு வரை நகர்ந்து, அங்கேயே நின்றன.

அம்சவேணி அன்று என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தப்பாக அளந்தாள், நான் மடித்தேன். அது எங்கள் இரண்டு பேருடையது. அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

அதற்கப்புறம் அண்ணன் காய் வாங்கும் தோப்புகளுக்கு நான் ஜீப்பை எடுத்துப்போனபோதெல்லாம், அங்கே வருகிறவர்கள் அதன் பின்னால் நின்று சோறு தின்றார்கள். "பிரமிளா டேபிள்" என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு, வழியில் பெயர் உதிர்ந்து, வெறும் புத்தூர் ஷெட் மேசையாக அது திருப்பதி போய்ச் சேர்ந்தது; அதைக் கேட்டுத்தான் ரகுநந்தன் வந்தார்.

ரகுநந்தன் கோயில் கைங்கரியக் குடும்பம். அண்ணன்கள் திருமலையில் இருக்க, இவர் மட்டும் ஜீப்புகள் வாங்கி, வெளியூர்க்காரர்களைக் காட்டுப் பாதைகளிலும் அருவிகளுக்கும் அழைத்துப் போகும் தொழில் செய்கிறார். சாப்பாடு அவர் வீட்டு அடுக்களையிலிருந்தே போகும். புளியோதரையும், தத்தியோன்னம் என்கிற தயிர்ச்சோறும் பித்தளைத் தூக்குகளில்.

"எங்க அம்மாவுக்கு ஒரே ஒரு கண்டிஷன்," என்றார். "பாத்திரத்தைத் தரையில வெக்கக் கூடாது. காட்டுல தரையை விட்டா வேற என்ன இருக்கு சொல்லுங்கோ. டிரைவர் மடியில வெச்சுண்டு பரிமாறறான்."

விளிம்பைத் தடவிப் பார்த்தார். ஒரு தூக்கை வைத்து ஜீப்பை ஆட்டிப் பார்த்தார். பிறகு, அவருடைய ஜீப் ஒன்றுக்கு ஒரு மேசை செய்து பொருத்தச் சொன்னார். கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் எல்லா ஜீப்புக்கும். எல்லாவற்றையும் எங்கள் ஷெட்டிலேயே செய்யலாம். பேசும்போது அவர் பெரும்பாலும் அம்சவேணியைப் பார்த்தே பேசினார், அவள்தான் பதில் சொன்னாள் என்பதால். நான் அவர் ஜீப்பின் கதவுக்குள் தலையை விட்டிருந்தேன்.

அவர் ஜீப்பில் நாங்கள் செய்து பொருத்திய மேசையில் பட்டை சீக்கிரம் நைந்தது. அம்சவேணி மாற்றித் தைத்துப் பொருத்தத் திருப்பதிக்குப் போனாள். இரண்டாவது முறையும் போனாள். மூன்றாவது முறை கிளம்பும்போது சொன்னாள்:

"யக்கா, அந்த அட்டைங்கள எடுத்துக்கினு போவட்டா? அவரோட மத்த ஜீப்புங்க வேற மாடலாம். வெச்சிப் பார்த்துட்டு வந்துட்றேன். நீ வேற எதுக்கு அலையணும்."

அட்டைகள் என்பவை முழு அளவு வடிவங்கள். மேசை, பட்டை, மூலையில் வெட்டும் சதுரம், கீல் வரும் இடம், எல்லாம் அதில் இருந்தன. அவற்றை நானே கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தேன். பஸ்ஸில் மடங்கிவிடக் கூடாது என்று நடுவில் ஒரு பிளைவுட் துண்டையும் வைத்தேன்.

அதன் பிறகு அவள் ஷெட்டுக்கு வருவது குறைந்தது. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றாள். ஆர்டர் என்ன ஆயிற்று என்று போனில் கேட்டால், "டெஸ்டிங் போய்க்கினு இருக்குது யக்கா. நீ போன் கீன் பண்ணிடாத. பெரிய எடம், தொந்தரவு பண்றாங்கன்னு நெனச்சிக்குவாங்க," என்பாள். நானும் செய்யவில்லை. தோப்புகளில் தோத்தாபுரி முற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் பிளாஸ்டிக் கிரேட்டுகளை வாங்கி வந்து ஷெட்டுக்கு வெளியே அடுக்கினான். உள்ளே வைக்கவில்லை. வெளியேதான். அந்த அளவுக்கு அவன் நியாயஸ்தன்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இது உன் அம்சாதானே?"

வீடியோவில் அம்சவேணி ஒரு ஜீப்பின் பின்னால் நின்றிருந்தாள். ரகுநந்தன் கம்பெனியின் பச்சை டீஷர்ட்டைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாள். பின்னால் வரிசையாக ஜீப்புகள், எல்லாக் கதவிலும் விளிம்பு மடித்த மேசை. யாரோ தெலுங்கில் கேள்வி கேட்க, அவளும் தெலுங்கில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அரை அங்குலக் கதையைச் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். தையலுக்கு விட்டது, கதவு மூடாமல் போனது, வாயைப் பொத்திக்கொண்டது, எல்லாம் நடந்தபடியே. ஒன்றைத் தவிர.

"நேனே கொலத தீசானு, நேனே கட் சேசானு," என்றாள். நானே அளந்தேன், நானே வெட்டினேன்.

அண்ணன் அதை மறுபடி ஓட்டினான். நான் வேண்டாம் என்றேன்.

"மேசையத் தூக்கிக்கினு போனாக்கூடப் பரவால்ல. கதையில உன்னையே காணோமே," என்றான்.

"மோர் ஊத்து," என்றேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திருப்பதி போனேன். ரகுநந்தனின் யார்டு கரகம்பாடி ரோட்டில் இருந்தது. உள்ளே ஒரு தகரக் கொட்டகையில் புது மெஷின்கள். அவற்றில் பெண்கள் பட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் தகடு வளைக்கும் மெஷின். சுவரில் என் அட்டைகள் ஆணியில் தொங்கின. நான் வைத்த பிளைவுட் துண்டின்மேல் யாரோ டீ வைத்திருந்தார்கள்.

ரகுநந்தன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வாங்கோ வாங்கோ. ஷெட்டுக்காரம்மாதானே நீங்க? புத்தூர் ஷெட்டு? அம்சவேணி சொல்லிருக்கா. உக்காருங்கோ. வாடகை பாக்கி ஏதாவது இருக்கா?"

நான் உட்காரவில்லை. மேசையைச் செய்தது யார் என்று அவருக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. அவர் கெட்டவர் இல்லை. அதை அப்போதே பார்த்தேன்.

"அவதான் பண்ணினதா சொன்னா. நீங்க இடம் குடுத்தேள், ஜீப்பு குடுத்தேள்னா. நான் வந்தப்போ நீங்க கதவுக்குள்ள எதையோ பார்த்துண்டிருந்தேள், நான் வண்டி ரிப்பேர்னு நெனச்சேன்." சுவரில் தொங்கிய அட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். "இல்லையா?"

"வெட்டினது நான். மடிச்சது நான். வரைஞ்சதும் நான்."

அவர் கொட்டகைப் பக்கம் திரும்பி, "அம்சவேணி, இங்க வா," என்றார்.

அவள் ஊசிநூலைப் பல்லில் கடித்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் நூலை எடுத்தாள். ஒரு நிமிஷம் அவள் கண்ணில் பழைய அம்சா வந்து போனதாக எனக்குத் தோன்றியது. பிறகு அவள் என்னை எப்படிக் கூப்பிட்டாள் என்பதைக் கேட்டேன்.

"வாங்க மேடம்."

பள்ளிக்கூடத்திலிருந்து அந்த நாள்வரை அவள் என்னை யக்கா என்பதைத் தவிர வேறொன்றும் கூப்பிட்டதில்லை.

ரகுநந்தன் சொன்னார்: "இதோ பாரு. எனக்கு ரெண்டு பேரும் வேணும். இவாளும் இதுல உண்டுன்னா இன்னிக்கே சொல்லிடு. அடுத்த ஆர்டரை அவா ஷெட்டுக்கே தர்றேன், ரெண்டு பேர் பேரையும் போடறேன். ஒண்ணும் குடி முழுகிப் போகல. நிஜத்தைச் சொல்லு. தகட்டை வெட்டினது யாரு?"

அவர் கேட்டது எவ்வளவு நல்ல கேள்வி. அதில் என் ஷெட் இருந்தது, அவள் வேலையும் பத்திரமாக இருந்தது, யாரும் எதையும் இழக்க வேண்டியதில்லை. அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். தரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நான்தான் சார்."

கொட்டகையில் மெஷின்கள் நின்றிருந்தன. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரகுநந்தன் என் பக்கம் திரும்பினார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். சொல்ல நிறைய இருந்தது. ஒரு தகடும் கத்தரியும் கொடுங்கள், அவள் ஒரு மூலையை வெட்டிக் காட்டட்டும் என்று சொல்லியிருக்கலாம். அண்ணனையும் தோப்புக்காரர்களையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்ன பிறகு, எதை நிரூபித்து யாரோடு சேர்ந்து அந்த ஷெட்டில் வேலை செய்வது? அவள் டேப்பைப் பிடித்து எண் சொல்ல, நான் நம்பிக் கோடு போட வேண்டும். அது இனி நடக்காது.

"ஷெட்டுக்காரம்மாதான் சார் நான்," என்றேன். "ஷெட்ட காலி பண்றோம். இவங்க மெஷின் ஒண்ணு அங்க நிக்குது. வந்து எடுத்துக்கினு போகச் சொல்லுங்க."

அவர் என்னவோ சொல்ல வந்தார். நான் வெளியே வந்துவிட்டேன். அட்டைகளைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் ஷெட் சாவியைக் கொடுத்தேன். அவன் வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இன்னும் காய் எறங்கலயே. டைம் இருக்குதே."

"ஆர்டர் வராது."

"வேற யாருக்காச்சும் செய்யேன். பங்காருபாளையத்துப் பக்கம் ஜீப்பு வெச்சிருக்கறவங்க எவ்ளோ பேரு. நான் சொல்றேன்."

"நீ சொன்னது சொன்னதுதான். புடி."

சாவியை அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கைகழுவப் போனேன்.

அந்த வாரத்திலேயே அம்சவேணி மெஷினை எடுக்க வந்தாள். கம்பெனி வண்டியில் அல்ல, வாடகைக்குப் பிடித்த சரக்கு ஆட்டோவில். டீஷர்ட் இல்லை. டிரைவரும் அண்ணனும் மெஷினைத் தூக்கி ஏற்றினார்கள். நான் என் கத்தரிகளையும் சுத்திகளையும் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா."

நான் சாக்கின் வாயைச் சுருட்டினேன்.

"எங்க ஊட்ல எல்லாருக்கும் தெரியும். நீதான் வெட்டினன்னு என் பொண்ணுகிட்டகூடச் சொல்லியிருக்கறேன். எங்க மாமியாருக்குத் தெரியும். ஊர்ல யாரு கேட்டாலும் பிரமிளா யக்காதான்னு சொல்றேன். அங்கதான் சொல்ல முடியல."

"அவரு கேட்டாரே."

"கேட்டாரு. அத்தினி பேரு முன்னால கேட்டாரு. நீதான்னு சொன்னா, இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு ஆயிடும் இல்ல? அந்த லேடீஸ் எல்லாம் எனக்குக் கீழ வேல செய்றாங்க யக்கா. எனக்குக் கீழ. என் வாழ்க்கையில எவளாச்சும் எனக்குக் கீழ இருந்திருக்காளா?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாரும் பிரமிளா டேபிளு பிரமிளா டேபிளுன்னாங்க. பட்ட தெச்சது யாருன்னு ஒருத்தர் கேட்கல. நீ படிச்சவ. உனக்கு ஷெட்டு இருக்குது, அண்ணன் இருக்காரு. நீ நெனச்சா நாளைக்கே வேற ஒண்ணு வரைஞ்சிடுவ. எனக்கு இது ஒண்ணுதானே. ஊருக்குள்ள உன் பேரு இருக்கட்டும், வெளியில என் பேரு இருக்கட்டும். அதுல உனக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது?"

நிஜமாகவே பதில் எதிர்பார்த்துக் கேட்டாள். நான் சமாதானமாகிவிடுவேன் என்றுதான் வந்திருக்கிறாள். ஊருக்குள் என் பெயரை வைத்துக்கொண்டு வெளியே அதை எடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று அவள் முழுசாக நம்பினாள். பொய் சொன்னபோதுகூட அவள் எனக்கு இவ்வளவு தூரத்தில் இருப்பவளாகத் தெரியவில்லை.

"ஆட்டோ வெயிட்டிங்ல நிக்குது," என்றேன்.

"ஒரு வார்த்த பேச மாட்டியா?"

"பட்ட நைஞ்சா ரெட்டத் தையல் போடு. ஓரத்துல போடாத, நடுவுல போடு."

அவள் எழுந்து போனாள். ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் உட்காராமல், பின்னால் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாள். நாராயணவனம் வளைவு திரும்பும்வரை அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஷெட்டைக் கூட்டினேன். மெஷின் நின்ற மூலையில் நூல் துண்டுகளும் பட்டைத் துணுக்குகளும் கிடந்தன, வாரிக் கொட்டினேன்.

"கிரேட்டுங்கள உள்ள வெக்கட்டுமா?" என்று அண்ணன் வாசலில் நின்று கேட்டான். சொந்த ஷெட்டுக்குள் வர அனுமதி கேட்பவனைப் போல.

"செவுத்த ஒட்டி வெக்காத, ஒழுவும்," என்றேன். "நடுவுல அடுக்கு."

இரண்டு பேருமாகச் சேர்ந்து அடுக்கினோம்.